யோவில் ஜெயித்தது மேட்டினாலா?
1949-இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பைக் கால்பந்துப் போட்டியில், கீழ்மட்டத்துச் சதர்ன் லீக் அணியான யோவில் டவுன், அன்றைய உச்சமட்டமான முதல் டிவிஷனில் ஆடிய சண்டர்லாந்தை 2-1 என வென்றதற்குக் காரணம் யோவிலின் சொந்த மைதானமான ஹியூஷின் சரிவுதான் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்தச் சரிவு கோலிலிருந்து கோலுக்கு இல்லை, ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறு பக்கக் கோட்டுக்கு. யாரும் இறக்கத்தில் கோலை நோக்கி ஓடவில்லை. எங்கள் பள்ளி மைதானமும் அப்படித்தான். பந்து சும்மா சாக்கடைப் பக்கம் உருண்டுகொண்டே இருக்கும், பழகியவனுக்கு அதில் கொஞ்சம் சாதகம் உண்டு, சரி. ஆனால் 20,050 பவுண்டு கொடுத்து வாங்கிய லென் ஷாக்கிள்டன் ஆடிய அணி சண்டர்லாந்து! யோவிலின் வழக்கமான கோல்கீப்பருக்கோ காயம், பதிலுக்கு நின்றவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. முதல் கோல் அடித்தவர் அலெக் ஸ்டாக், அவரே மேனேஜரும். கூடுதல் நேரத்தில் எரிக் பிரையன்ட் அடித்தது வெற்றி கோல், அதுவும் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது. அடுத்த சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதை அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சுட்டியிருக்கிறார். அது உண்மைதான். ஆனால் அன்று எதிரே நின்றது மேனேஜர் மாட் பஸ்பியின் அணி, நடப்புக் கோப்பைச் சாம்பியன். ஹியூஷின் சரிவில் ஆடியிருந்தாலும் தோற்றுத்தான் இருப்பார்கள். அந்தச் சரிவு இருந்த இடத்தில் பிறகு டெஸ்கோ கடை வந்துவிட்டது.