விளக்கை வாங்கும் முன் நிழலைப் பாருங்கள்

வீட்டுக்கு விளக்கு வாங்கும்போது நம்மில் பலரும் கடையில் அது தொங்கும் அழகைத்தான் பார்க்கிறோம். அதன் வெளிச்சம் வீட்டில் எங்கே விழும் என்று யோசிப்பதில்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன். சமையலறைக் கூரையின் நடுவில் நல்ல பிரகாசமான விளக்கைப் பொருத்தினோம். ஆனால் அம்மா மேடையைப் பார்த்து நின்று காய் நறுக்கும்போது விளக்கு அவருக்கு முதுகுப்புறம் இருந்ததால், அவருடைய தலை நிழலே பலகையின்மேல் விழுந்தது. கத்தி எங்கே, விரல் நுனி எங்கே என்று அவர் குனிந்து குனிந்து பார்த்ததைப் பல மாதங்கள் நான் கவனிக்காமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது. வாட்டை எவ்வளவு கூட்டியிருந்தாலும் அந்த நிழல் அங்கேதான் விழுந்திருக்கும். மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஓர் எல்இடி பட்டையைப் பொருத்திய பிறகே அது அகன்றது.

வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரம். வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த ஏறத்தாழ 800 லூமென் வெளிச்சத்தை இன்று 8 அல்லது 9 வாட் எல்இடி தந்துவிடுகிறது. பெட்டியில், ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவையும் பாருங்கள். 2700 முதல் 3000 வரை இளமஞ்சள். படுக்கையறைக்கு அதுவே பொருத்தம். வேலை செய்யும் இடங்களுக்கு 4000 போதும். நீலம் கலந்த 6500 கெல்வின் வெளிச்சத்தைப் படுக்கையறையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரவில் நீல ஒளி, தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது.

குளியலறைக் கண்ணாடிக்கு நேர் மேலே மட்டும் விளக்கு இருந்தால் கண்ணுக்கும் மோவாய்க்கும் கீழே நிழல் கட்டும். கண்ணாடியின் இருபுறமும் முக உயரத்தில் வைத்தால் முகம் சீராகத் தெரியும். தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால், நீர் உள்ளே புகாமல் காக்கும் தரக்குறியீடான ஐபி44 அல்லது அதற்கு மேற்பட்ட தரமுள்ளதாக வாங்குவது அவசியம். மாடிப்படிக்கு மேலும் கீழும், ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்தும் போடவும் அணைக்கவும் உதவும் டூ-வே ஸ்விட்ச் வேண்டும்.

வயதாக ஆக, கண்ணின் பாவை சுருங்கி, வில்லையும் (லென்ஸ்) மஞ்சளடிப்பதால், பெரியவர்களுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படுகிறது. அதே வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டாலோ நம்மைவிட அவர்களுக்கு அதிகமாகக் கூசுகிறது. அதனால்தான் அம்மாவின் கட்டிலிலிருந்து குளியலறை வரை, சுவரில் கணுக்கால் உயரத்தில், தரையை மட்டும் காட்டும் மூன்று சிறிய மஞ்சள் விளக்குகளைப் பதித்திருக்கிறோம். இரவில் எழுந்தால் அவர் இப்போது சுவரைத் தடவிக்கொண்டு ஸ்விட்சைத் தேடுவதில்லை.