அந்தப் படத்தைப் போட்ட தம்பிக்கும், கீழ கொமெண்ட் எழுதின அண்ணைக்கும்

எந்தப் படம் எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். போன சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில எடுத்தது. நான் கிளாசும் கையுமா நிக்கிறன், முகம் செங்கல்லு மாதிரி இருக்குது. மேல எழுதியிருக்கிறது, "மாஸ்ரருக்கு ஏறிட்டுது போல". கீழ நூற்றுச் சொச்சம் சிரிப்பு. அதில எத்தினை என்னட்டைக் கணக்குப் படிச்ச பிள்ளையள் எண்டு எண்ணிப் பாத்தனான். நாப்பத்தொண்டு. கணக்கு மாஸ்ரர் எண்டா எண்ணத்தானே வேணும்.

தம்பி பகிடிக்குச் செய்தது, விடுவம். இது குடி இல்லை, வருசக்கணக்கா முகத்தில பூசின ஸ்டீரோயிட் கிறீமைத் திடீரெண்டு விட்டதால வந்த வினை எண்டு நான் மரியாதையா ஒரு விளக்கம் எழுதினன். அதுக்குக் கீழதான் அண்ணை வந்தவர். "இருவது வருசமா மருந்து விக்கிறன். அளவோட பூசினா ஒண்டும் செய்யாது. தன்ரை இஷ்டத்துக்குப் பூசிப்போட்டு மருந்தில பழி போடக்கூடாது."

சரி அண்ணை. அளவைப் பற்றியே கதைப்பம். எனக்கு ஆர் அளவு சொன்னது?

2019 இல ஷேவ் எடுக்கிற இடமெல்லாம் பொரிஞ்சுது. சலூன் தம்பி ஒரு கிறீமின்ர பேரைச் சொன்னவன். பாமசியில போய்க் கேட்டன், டொக்டரின்ர துண்டு ஒண்டும் கேக்கேல்லை, தந்திச்சினம். குளோபெட்டசோல் எண்ட ஸ்டீரோயிட்டோட பூஞ்சணத்துக்கு ஒண்டு, கிருமிக்கு ஒண்டு எண்டு மூண்டும் கலந்த சாமான். மூண்டாம் நாள் முகம் பளிங்கு. மாமி கூட "மருமோன் நல்லா நிறம் வைச்சிட்டார்" எண்டவ. விட்டா நாலு நாளில திரும்பப் பொரியும், திரும்பப் பூசுவன். மாசம் ஒரு ரியூப். நாலு வருசம். இந்த நாலு வருசத்தில கவுண்டருக்கு அங்கால இருந்து என்னட்டைக் கேட்ட கேள்வி ஒண்டே ஒண்டுதான். "சின்னனோ பெரிசோ?"

முகத்துக்கோ எண்டு கேக்கேல்லை. எத்தினை நாளாப் பூசுறீர் எண்டு கேக்கேல்லை. சின்னனோ பெரிசோ.

2023 கடைசியில மனிசியின்ர தங்கச்சி, தாதியா இருக்கிறா, ரியூப்பைக் கண்டிட்டுத் தலையில கை வைச்சவ. பெட்டிக்குள்ள மடிச்சு வைச்ச கடதாசியை எடுத்து வாசிச்சுக் காட்டினா. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, முழுக்க இங்கிலீசு. தோலுக்குப் பூசுற ஸ்டீரோயிட் வகையளில ஆக வீரியம் கூடின வரிசையில இருக்கிறது இது. முகத்தில பூசக்கூடாது. தொடர்ந்து ரெண்டு கிழமைக்கு மேல போகக்கூடாது. நான் போனது இருநூறு கிழமை.

அண்டைக்கே தூக்கி எறிஞ்சன். அது அடுத்த பிழை, டொக்டரைக் கேட்டுச் செய்திருக்க வேணும். அஞ்சாம் நாள் தொடங்கிச்சுது.

எரிவு எண்டு சொன்னா விளங்காது. மிளகாய் அரைச்ச கையால முகத்தைத் தேய்ச்சுப்போட்டு அடுப்புக்கு முன்னால இருந்த மாதிரி, ஆனா இருவத்துநாலு மணித்தியாலமும். முகம் வீங்கி கண் ரெண்டும் கோடு. காதுக்குப் பின்னால நீர் வடியும், அதில துரு மணம். பிறகு காஞ்சு உதிரும். காலமை தலையணையை உதறினா உமி மாதிரிக் கொட்டும், மனிசி ஒரு சொல்லும் சொல்லாமல் கூட்டி அள்ளுவா. கழுத்தில நெறி கட்டினது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கையில ஊரே மேல்சட்டையில்லாமல் திரியேக்கை நான் போர்வைக்குள்ள நடுங்கிக்கொண்டு கிடந்தன். விடியப்புறம் மூண்டு மணிக்கு முன்னம் கண் மூடின நாள் இல்லை.

கடைசியா ஒரு தோல் டொக்டர்தான் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினவர். இந்த மருந்து தோலுக்குள்ள ரத்தக் குழாயளை இறுக்கிப் பிடிக்குமாம். அதாலதான் சிவப்பு மறையிறது, அதைத்தான் மாமி நிறம் எண்டவ. வருசக்கணக்காப் பிடிச்சு வைச்ச பிடியைத் திடீரெண்டு விட்டா குழாயெல்லாம் ஒரேயடியா விரியும். தோலும் மெல்லிசாகிப் போயிருக்கும். அளவும் அவர்தான் காட்டினவர், அண்ணை கவனிக்கோணும். சுட்டுவிரல் நுனியிலயிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினா அரைக் கிராம். அது விரலையும் சேத்து ரெண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குக் காணும். முப்பது செக்கன் வேலை. நாலு வருசத்தில ஒருத்தருக்கும் அந்த முப்பது செக்கன் கிடைக்கேல்லை.

"அப்பிடி ஒரு வருத்தமே இல்லை, வெறும் கரப்பான் (எக்ஸிமா)" எண்டும் ரெண்டு பேர் எழுதியிருக்கினம். 1979 இல, நான் பிறக்க முன்னமே, அமெரிக்காவில ஆல்பேட் கிளிக்மன் எண்ட தோல் மருத்துவர் 'ஸ்டீரோயிட் அடிமைத்தனம்' எண்டு பேரே வைச்சு எழுதிப்போட்டார். 2021 இல பிரித்தானியாவின்ர மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இந்த நிறுத்தல் விளைவைப் பற்றி எச்சரிக்கை விட்டது. 2024 இல ரியூப்பிலயே வீரியத்தை அடிக்கச் சொன்னது. 2025 இல அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர் இது வழமையான கரப்பானிலயிருந்து வேற விதமான தொழிற்பாடு எண்டு எழுதியிருக்கினம். டொக்டர்மாருக்குள்ள இன்னும் வாக்குவாதம் இருக்குது, அது அவையின்ர பாடு. என்ர முகம் வாக்குவாதம் முடியும்வரை பொறுத்துக்கொண்டு நிக்கேல்லை.

"உங்களால சனம் மருந்துக்குப் பயப்பிடப் போகுது." இதில ஞாயம் இருக்குது, ஒத்துக்கொள்ளுறன். ஒரு தாய் இன்பொக்சில எழுதியிருந்தா, பிள்ளைக்கு டொக்டர் தந்த கரப்பான் கிறீமை என்ர பதிவைப் பாத்திட்டு எறிஞ்சிட்டாவாம். அம்மா, எடுத்துக்கொண்டு டொக்டரிட்டைப் போங்கோ. அவர் பிள்ளையைப் பாத்து, நாளும் அளவும் சொல்லித் தந்தது. எனக்கு அப்பிடி ஆரும் தரேல்லை. நான் சொல்லுறது அது மட்டுந்தான்.

வேப்பிலை அரைச்சுப் பூசச் சொன்ன ஆக்களுக்கு நன்றி. பூசினனான், அண்டிரவு சுவரில ஏறினன். நண்டு, இறால், கத்தரிக்காய் கிரந்தி எண்டு அம்மா ஆறு மாசம் நிப்பாட்டி வைச்சவ. தோல் ஆறேல்லை, நான் மெலிஞ்சதுதான் மிச்சம்.

எனக்குச் சுகம் தந்தது சின்னச் சின்ன விசயங்கள். சவுக்காரத்தை விட்டன். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, குளிச்சு முடிய முகம் கடதாசி மாதிரி இழுக்கும், அதால கெதியாக் குளிச்சு ஈரம் காய முன்னம் வசிலின் மாதிரி வெள்ளைப் பரபின் பூசுவன். எரிஞ்சா நனைச்ச பருத்தித் துணி. நகத்தை ஒட்ட வெட்டுறது. தாடியை வளர விட்டது. ரெண்டுதரம் கிருமி தொத்தினது, அதுக்கு டொக்டரின்ர குளிசை. அவ்வளவும் செய்தும் பதினாலு மாசம் போனது. இப்பவும் வெக்கையில நிண்டா, உறைப்புச் சாப்பிட்டா, கனநேரம் நிண்டு கதைச்சா சிவக்கும். சனிக்கிழமை மூண்டும் நடந்தது.

இனி அந்தப் பெரிய கேள்வி. "நீர் படிச்ச மனிசன்தானே, ஏன் கேக்கேல்லை?"

கேட்டனான். ரெண்டாம் வருசம் கேட்டனான். "கனநாளாப் பூசுறன், பிழையில்லையோ?" "எல்லாரும் பூசீனம் மாஸ்ரர், ஒண்டும் செய்யாது." பின்னால ஆறு பேர் நிக்கினம். அவர் சொன்னா சரி எண்டு வந்தன். ரியூசனில ஒரு பிள்ளை எழும்பி "சேர், இது சரியோ?" எண்டு கேட்டா நான் "எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம், இரு" எண்டு சொல்லுறேல்லை. சொன்னா தாய் தகப்பன் வாசலுக்கு வந்திடுவினம். வரத்தான் வேணும்.

வாசல் எண்டதும் ஞாபகம். போன வருசம், முகம் ஆக மோசமா இருந்த நேரம், ரெண்டு பிள்ளையளை வகுப்பால நிப்பாட்டினவை. பிறகுதான் காரணம் தெரிஞ்சது. "மாஸ்ரர் பின்னேரத்தில எடுக்கிறாராம், முகத்தைப் பாத்தாலே தெரியுதாம்." ஆரிட்டைப் போய் விளக்கம் சொல்லுறது? வீடு வீடாப் போய் முகத்தை மணந்து பாக்கச் சொல்லுறதோ?

இதை இஞ்ச எழுத வேண்டாம் எண்டுதான் நினைச்சன். எனக்குப் பத்து வயசில, தவறணையில இருந்து அப்பாவைச் சைக்கிள் கரியரில இருத்தி, ஒரு கையால அவரின்ர சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு, உருட்டிக்கொண்டு வருவன். ஒழுங்கை முழுக்கப் படலையில நிண்டு பாப்பினம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம், சிரிப்பினம். அந்தச் சிரிப்பைத்தான் சனிக்கிழமை ராத்திரி போனில பாத்தன். நாப்பது வயசு தாண்டியிட்டுது, கள்ளு எண்டா என்ன ருசி எண்டு எனக்குத் தெரியாது. என்ர கலியாண வீட்டிலயும் நான் தொடேல்லை. என்ர மகள் அந்தப் படத்தைப் பாத்திட்டு "அப்பா, ஏறிட்டுது எண்டா என்ன?" எண்டு கேட்டவள். வெக்கை ஏறிட்டுது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.

அண்ணை, உங்கட கடையில நான் ஒருநாளும் வாங்கேல்லை, உங்களை நான் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனா இருவது வருசம் எண்டு எழுதினீங்களே. அந்த இருவது வருசத்தில எத்தினை பேரிட்டை "முகத்துக்கோ?" எண்டு கேட்டனீங்கள்? இதுக்குக் கீழ எழுதுங்கோ, வாசிக்கிறன்.

தம்பி, படத்தை எடுக்கிறதும் விடுறதும் உன்ர விருப்பம். எடுக்காட்டி மேல உள்ள வசனத்தை மட்டும் மாத்திவிடு. கிளாசுக்குள்ள இருந்தது நெல்லிக் கிறஷ். எனக்கு ஊத்தித் தந்ததே நீதானே.