புள்ளைக்கு மனநல வைத்தியம் தாங்க எண்டு இலங்கையில நாம கேஸ் போட ஏலுமா?

அமெரிக்காவில மசசூசெற்ஸ் மாநிலத்தில 2001ல இதுக்காகவே ஒரு கேஸ் போட்டாங்க, புள்ளட முழுப் பேரை வெளிய விடாம ரோசி டி எண்டு மட்டும் போட்டு. ஏழைக் குடும்பங்களுக்கு அங்க மெடிக்கெயிட் எண்டு அரசாங்க மருத்துவத் திட்டம் இருக்கு, அதில 21 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைகளுக்கு வருத்தத்தை நேரத்தோட கண்டுபிடிச்சு தேவையான வைத்தியத்தை குடுத்தே ஆகணும் எண்டு சட்டத்திலயே எழுதிக் கிடக்கு. 2006ல நீதிபதி பொன்சர், மாநிலம் அந்தச் சட்டத்தை மீறிட்டு எண்டு தீர்ப்பு சொன்னார். மறுகா வீட்டுக்கே வந்து புள்ளையப் பாக்கிற ஆக்கள், அவசரத்துக்கு ஓடி வாற டீம், ஸ்கூல், டொக்டர், வீடு எல்லாத்தையும் இணைச்சுப் பாக்கிறதுக்கு ஒருத்தர், இதெல்லாம் கொண்டு வர வேண்டி வந்துச்சு.

இதை வாசிச்சதில இருந்து எனக்கு மனசு ஆறல்ல. எங்கட அக்காட மகன் பத்து வயசு, திடீரெண்டு கதைக்கிறத நிப்பாட்டிட்டான், ஸ்கூலுக்குப் போக மாட்டான், ராவில கத்துவான். திருக்கோவில்ல இருந்து விடிய பஸ் ஏறி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, சின்னப் புள்ளைகளைப் பாக்கிற டொக்டர் இண்டைக்கு இல்ல பிறகு வாங்க எண்டாங்க. பெரிய ஆக்கள் கத்திட்டு இருக்கிற வரிசையில அவனும் பயந்து போய் அக்காட சீலையப் புடிச்சிட்டு நிண்டான். நேர்ஸ்மாரைக் குறை சொல்லல்ல, அவங்களும் பாவம், இருக்கிற ஆக்களை வெச்சுத்தான் சமாளிக்கிறாங்க. ஆனா அக்காவுக்கு கேக்கிறதுக்கு ஒரு சட்டம் கையில இல்லையே, அதுதான் என்ட வயித்தெரிச்சல்.

நம்மட அரசியலமைப்பில அடிப்படை உரிமைகள் எண்டு இருக்கிற அத்தியாயத்தில சுகாதார உரிமை இல்ல. அடிப்படை உரிமை மீறலுக்கு கேஸ் போட வழி குடுக்கிற உறுப்புரை 126ல உயர்நீதிமன்றம் போறதெண்டாலும் சமத்துவம் மீறப்பட்டிச்சு எண்டு சுத்தி வளைச்சுத்தான் போகணும், அதுவும் மீறல் நடந்து ஒரு மாசத்துக்குள்ள, அதுவும் கொழும்புக்கு. கிளினிக் திகதிக்குக் காத்திருக்கவே அந்த ஒரு மாசம் ஓடிரும்! மனநோய்க்கெண்டு இருக்கிற கட்டளைச் சட்டம் 1873ல வெள்ளைக்காரன் போட்டது, அது ஆளைப் புடிச்சு அடைக்கிறதுக்குப் போட்ட சட்டம், புள்ளைக்கு வைத்தியம் குடுக்கிறதுக்கு இல்ல. புதுச் சட்டம் வருது வருது எண்டு எத்தின வருசமா கேட்டுட்டு இருக்கம். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் பாத்த கரை இது, எங்களுக்கு இது ஆடம்பரமா?

கேஸ் போட்டா உடனே எல்லாம் சரியாகும் எண்டு சொல்ல வரல்ல. அமெரிக்காவிலயே ஐடஹோ மாநிலத்தில புள்ளைகள்ற மனநல வைத்தியத்துக்கு 1980ல போட்ட ஜெஃப் டி கேஸ், இடையில உடன்பாடுகள் வந்தும் முடியாம இழுபட்டு, 2015ல திரும்பவும் ஒரு உடன்பாட்டுக்கு வந்துச்சு. அப்ப புள்ளையா இருந்தவங்களுக்கு 2015ல பேரப்புள்ளையே இருந்திருக்கும். அதுக்காகத்தான் சொல்றன், கோட்டுக்குப் போய் இழுபடாம, புதுச் சட்டத்தை எழுதக்கையே புள்ளைகளுக்கெண்டு தனிப் பகுதி வைக்கணும், இத்தின நாளுக்குள்ள டொக்டர் பாக்கணும், பெரியாக்கள்ற வார்டில போடக்கூடாது எண்டு தெளிவா வரணும். மட்டக்களப்பு, அம்பாறை எம்பிமாரே, ரோட்டுக்கு கொங்ரீட் போட்டதைப் போட்டோ போடுறீங்க, இதையும் ஒருக்கா பார்லிமெண்டில கதைங்க.

அதுவரைக்கும் தாய்மாருக்கு ஒண்டு. திரும்பி வாங்க எண்டு அனுப்பினா கிளினிக் புத்தகத்தில திகதி போட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. மனித உரிமைகள் ஆணைக்குழுட ஒஃபிஸ் மட்டக்களப்பிலயும் இருக்கு, கல்முனையிலயும் இருக்கு. ஒரு மாசத்துக்குள்ள அங்க முறைப்பாடு குடுத்தா, அவங்க விசாரிக்கிற காலம் 126ட ஒரு மாசக் கணக்கில சேராது. அக்காவும் நானும் வாற கிழமை கல்முனைக்குப் போறம், இதே மாதிரி அலையிற ஆராவது இருந்தா இன்பொக்ஸில சொல்லுங்க, சேர்ந்தே போவம்.