அந்த நாலு பேரின் பெயரை எழுதுங்கள்

"கல்யாணத்தைச் சிக்கனமா முடிச்சுக்கலாமே" என்று எந்த வீட்டில் பேச்செடுத்தாலும் மறு நிமிஷமே வந்து விழும்: "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

யார் அந்த நாலு பேர்? பெயரை எழுதச் சொல்லிப் பாருங்கள். பெரியப்பா, அத்தை வீட்டு சம்பந்தி, அதோடு பேனா நின்றுவிடும். அந்த இரண்டு பேர் மெச்ச, பத்து லட்சம் தனிநபர் கடன். 14 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை 23,270 ரூபாய்க்குப் பக்கம். கட்டி முடிக்கும்போது 13 லட்சத்து 96 ஆயிரம். பெரியப்பா ஒரு தவணைகூடக் கட்ட மாட்டார்.

பெரிய கல்யாணமே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஊரைக் கூட்டிச் சோறு போடுவதில் உங்களுக்கே சந்தோஷம், கையிலும் காசு இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். எனக்கு ஆகாதது, விருப்பமில்லாமல் ஊர் வாய்க்குப் பயந்து செய்வது.

குறைக்க நினைப்பவர்கள் பூ அலங்காரத்திலும் பத்திரிகையிலும் கை வைக்கிறார்கள். அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. கல்யாணச் செலவின் அச்சாணி இலைக் கணக்கு. எத்தனை இலை என்பதுதான் எவ்வளவு பெரிய மண்டபம், எத்தனை ரூம், எத்தனை வேன், எத்தனை தாம்பூலப் பை என்று எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஆகவே மண்டபம் பார்க்கப் போகுமுன் பெயர்ப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, "இவரை அழைக்காவிட்டால் எனக்கு வருத்தமா, இல்லை அவர் கோபித்துக்கொள்வார் என்ற பயமா?" என்று குறியுங்கள். 'பயம்' என்று விழுந்த பெயர்களுக்குக் கல்யாணம் முடிந்தபின் நேரில் போய் ஒரு வணக்கம் வைத்தால் போதும்.

சமையல்காரரிடம் பேசும்போது கவனம். 800 இலைக்கு ஒப்புக்கொண்டு 550 பேர் வந்தாலும் 800-க்குத்தான் காசு. கூட வந்தால் கூடுதல் இலைக்குத் தனிக் கணக்கு. அதனால் உறுதி எண்ணிக்கையைக் குறைத்தே பேசுங்கள். இரவு வரவேற்புக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் காலையில் வர மாட்டார்கள். இரண்டு வேளைக்கும் ஒரே எண் சொல்வதுதான் வழக்கமான தவறு. மண்டப வாடகை என்று சொல்லும் தொகையில் மீட்டர் பார்த்து வாங்கும் கரண்ட் காசு, ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, ஜிஎஸ்டி எல்லாம் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கடைசி நாளில் தலைசுற்றவைப்பது இந்தத் 'தனி'கள்தான்.

நகையும் இதே கதைதான். சபையில் போட்டுக் காட்டப் பத்து பவுன் வாங்குகிறீர்கள். சேதாரம் 12 சதவீதம் என்றால் 9.6 கிராம், அதாவது ஒரு பவுனுக்கும் மேல். விற்கப்போகும் நாளில் அது திரும்பி வராது. சேமிப்புக்காகத்தான் தங்கம் என்றால் வேலைப்பாடு குறைந்ததையோ நாணயத்தையோ வாங்கலாம். ஆனால் நாணயத்தைக் கழுத்தில் போட்டுக் காட்ட முடியாதே!

அப்பாக்கள் சொல்வதில் நியாயமான ஒன்று உண்டு: "இத்தனை வருஷம் மொய் எழுதியிருக்கேன், அது எப்பத் திரும்பி வரும்?" இதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். மொய் நோட்டை எடுத்து உட்காருங்கள். நாம் செய்தது எவ்வளவு, நமக்கு ஏற்கெனவே வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். வரவேண்டியதைவிட இலைச் செலவே அதிகம் என்று தெரிந்தால் அப்பாவே யோசிப்பார். புதிதாக வரும் மொய்யை வருமானம் என்று நினைக்கக் கூடாது. அது நோட்டில் ஏறிய கடன். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துகளில் வாங்கியதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வதுதான் முறை. மறந்தால் மரியாதை போய்விடும்.

எளிமையாகச் செய்தால் சட்டப்படி செல்லுமா என்ற பயமும் பலருக்கு. தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு இருக்கிறது. 1967-இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய திருத்தம். புரோகிதர் வேண்டாம். உறவினரோ நண்பரோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் செல்லும். இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். வெவ்வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்: இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு முடிக்கலாம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எந்த முறையில் தாலி கட்டினாலும் 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மண்டபத்துக்கு லட்சங்கள் கொட்டியவர்கள்கூட இதை மறந்துவிட்டு, விசாவுக்குச் சான்றிதழ் கேட்கும்போது அலைகிறார்கள்.

இன்னொன்று, இப்போது புதிதாக வந்திருப்பது. ஐம்பது பேரோடு 'சிம்பிள்' கல்யாணம், அதைப் படம் பிடிக்க மூன்று கேமரா, ஒரு ட்ரோன், ரீல்ஸுக்குத் தனி ஆள். பெரியப்பா இருந்த இடத்தில் இப்போது முன்பின் தெரியாத ஆயிரம் பேர். அவர்கள் பெயரையும் அந்தப் பட்டியலில் எழுத முடியாது.

பேச வேண்டியதை மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கொடுத்தபின் மனசு மாறினால் பெரும்பாலான மண்டபங்களில் அந்தப் பணம் திரும்பாது, "கொடுத்த காசு வீணாப் போயிடுமே" என்றே மீதிச் செலவும் நடந்துவிடும்.