புதுப் பாட்டைக் கேட்க ஆளில்லை

சென்ற மார்கழியில் மயிலாப்பூர் சபா ஒன்றில் மதியம் 2 மணிக் கச்சேரிக்குப் போயிருந்தேன். நம் காலத்தில் இயற்றப்பட்ட பாடல்களை மட்டுமே பாடுவதென்று அந்த இளம் பாடகி துணிந்திருந்தார். அவற்றில் மூன்றுக்கு அவரே மெட்டமைத்திருந்தார். அனுமதி இலவசம். ஏறக்குறைய 300 நாற்காலிகள் இருந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் 14 பேர். அவர்களில் ஐந்து பேர் பாடகியின் வீட்டார் என்பது, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மற்றவர்கள் முகத்தை அவர்கள் திரும்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையை அப்பி, தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு சாகித்யத்தின் நடையறிந்து வாசித்த வித்வானுக்கு, பாட்டில்லாமல் அவர் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தபோது, இருந்த 14 பேரில் மூவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். நிறைந்த சபையில் நாலு பேர் எழுந்துபோனால் கண்ணில் படாது. அங்கே அவர்களுடைய செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார், ஆனால் கை தாளக் கணக்கிலிருந்து பிசகவில்லை. எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது. வெளியே வந்தால், கேண்டீனில் டோக்கனுக்கு நீண்ட வரிசை நிற்கிறது!

"அதே பத்துப் பாட்டைத்தான் எல்லோரும் பாடுகிறார்கள், புதிதாக ஒன்றும் இல்லை" என்று ஆண்டுதோறும் அலுத்துக்கொள்பவர்களைக் கேட்கிறேன்: புதிதாகப் பாடிய அன்று எங்கே போயிருந்தீர்கள்? பாபநாசம் சிவன் 1973 வரை நம்மோடு வாழ்ந்தவர். இன்று பரம்பரைச் சொத்தாக நாம் கொண்டாடும் அவருடைய பாடல்கள் நம் பாட்டிமார் காதுக்குப் புத்தம் புதியவையாகத்தான் வந்தன. தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்த கோடீஸ்வர ஐயரின் உழைப்பு, பாடகர் எஸ். ராஜம் விடாமல் பாடியதாலும் அதைக் கேட்க ஆட்கள் இருந்ததாலும்தான் பிழைத்தது. வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனின் தில்லானாக்கள் முதன்முதலாக ஒலித்த நாளில் சபை காலியாக இருந்திருந்தால், இன்று எத்தனை கச்சேரிகளில் அவை ஒலிக்கும்? திரும்பத் திரும்பக் கேட்காமல் எந்த மெட்டும் காதில் தங்காது.

சபாக்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. வேலைநாளில், ஊரே அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் இப்படியொரு முயற்சியைத் தள்ளிவிட்டு, இவை புதிய பாடல்கள் என்று அழைப்பிதழில் ஒரு வரிகூடப் போடாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? அவர்கள் தரும் சன்மானம் பக்கவாத்தியத்துக்கும் வண்டிக் கூலிக்குமே போதாது. மீதிக்குப் பாடுபவர்கள் கைக்காசைத்தான் போடுகிறார்கள்.

மங்களம் முடிந்ததும் மேடையருகே போனேன். இரண்டாவதாகப் பாடிய பாட்டின் சரணம் இன்னும் காதிலேயே இருக்கிறது, மறுபடி எங்கே கேட்கலாம் என்றேன். தம்புராவுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண், "இந்த சீசனில் இனி இல்லை, மாமா. அடுத்த சபாவில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகவே பாடச் சொல்லிவிட்டார்கள்" என்றார்.