பாதி ஃபைலை ஏன்யா எடுக்கறீங்க?

அம்பத்தூர்ல பார்ட்ஸ் செய்யற கம்பெனிகளுக்கு ஈடிஐ (ஆர்டர், பில் எல்லாம் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அனுப்பற முறை) இன்டர்ஃபேஸ் எழுதிக் கொடுக்கறதுதான் என் பொழப்பு. ராத்திரி ஃபைல்களை மொத்தமா எடுக்கற பேட்ச் ஜாப் ஓடும், காலையில ஏதாவது ஒரு ஃபைல் பாதியில நிக்கும். ஏன்? அனுப்பறவங்க இன்னும் எழுதிக்கிட்டு இருக்கும்போதே ஜாப் போய் எடுத்துடுது. தற்காலிகப் பேர்ல எழுதி, முடிஞ்சதும் பேரை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஒரு ரீநேம்! அதுக்குமா அப்ரூவல்?

முழுசா வந்துச்சான்னு பாக்க வழியா இல்ல? ஈடிஐ ஃபைல் எப்படி இருக்கணும்னு சொல்ற எடிஃபேக்ட் 1987லயே ஐஎஸ்ஓ 9735-ங்கற சர்வதேசத் தரம் ஆயிடுச்சு. அதுல முதல் வரியான யூஎன்பி-ல வர்ற கன்ட்ரோல் நம்பர் கடைசி வரியான யூஎன்இசட்-லயும் வரணும். ஒவ்வொரு மெசேஜையும் முடிக்கற யூஎன்டி-ல, அந்த மெசேஜ்ல எத்தனை செக்மென்ட் (வரி)ங்கற எண்ணிக்கையே இருக்கு. யார் பாக்கறாங்க?

அமெரிக்காக்காரங்க ஈடிஐ தரமான எக்ஸ்12 எடுத்துக்கோங்க. அதுல முதல் வரியான ஐஎஸ்ஏ மொத்தம் 106 எழுத்து, தகவல்களைப் பிரிக்கற குறி எதுன்னு அதுவே சொல்லிடும். இவங்க நட்சத்திரக் குறியைப் புரோகிராம் கோட்லயே எழுதி வெச்சுடுவாங்க. அந்தப் பக்கம் குறி மாறினா மொத்தமும் போச்சு. அதே கன்ட்ரோல் நம்பர் திரும்ப வந்தா தடுக்க வேணாமா? மாட்டாங்க. ஒரே ஆர்டர் ரெண்டாப் பதிவாகும். ஃபைல் கிடைச்சுதுன்னு அந்தப் பக்கம் அனுப்பற பதிலான 997 வந்துச்சான்னு கேட்டா, "ஃபைல் போயிடுச்சு சார்"ங்கறாங்க. போனா போதுமா? சேர வேணாமா?

அங்க ஒரகடத்துல சரக்கு வருதுன்னு முன்கூட்டியே சொல்ற ஏஎஸ்என் மெசேஜ் வரலன்னு லாரியை கேட்டுக்குள்ள விட மாட்டேங்கறாங்க. டிரைவர் வெயில்ல காயறார். அவர் என்னய்யா பாவம் பண்ணார்?