பொய் நிருபராக நடித்த ஆள்

'தி வயர்' என்ற அமெரிக்க டிவி தொடரின் 5ஆவது சீசனில் ஸ்காட் டெம்பிள்டன் என்று ஒரு நிருபர் வருவான். பால்டிமோர் சன் பத்திரிகையில் வேலை. பேஸ்பால் சீசனின் முதல் ஆட்டத்தன்று மைதானத்துக்கு அனுப்பினால், சக்கர நாற்காலியில் ஒரு சிறுவனைப் பார்த்ததாக உருக்கமாக எழுதிக்கொண்டு வருவான். பையன் பெயர் என்ன என்று கேட்டால் வெறும் இரண்டு இனிஷியல். போட்டோ இல்லை, விலாசம் இல்லை. எடிட்டர் சந்தேகப்பட்டால், 'என்னையா சந்தேகப்படுகிறீர்கள்' என்று முகம் சிவந்துவிடும். கடைசியில் பத்திரிகைக்காரர்களுக்கான பெரிய விருதான புலிட்சர் பரிசையும் வாங்கிக்கொண்டு போவான். (பார்க்காதவர்கள் மன்னிக்கவும். 2008இல் வந்த சீசன், இதற்கு மேல் ரகசியம் காக்க முடியாது.)

நான் அந்தத் தொடரை ரொம்பத் தாமதமாகத்தான் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருக்கும். யார் இந்த ஆள் என்று தேடினால், டாம் மெக்கார்த்தி. ஆமாம், பாதிரியார்கள் குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததையும் கத்தோலிக்கத் திருச்சபை அதை மூடி மறைத்ததையும் பாஸ்டன் குளோப் நாளிதழ் அம்பலப்படுத்திய கதையான 'ஸ்பாட்லைட்' எடுத்த அதே மெக்கார்த்தி. நேர்மையான பத்திரிகை வேலையைப் பற்றி இந்த நூற்றாண்டில் வந்த ஆகச் சிறந்த படத்தை எடுத்தவர், அதற்கு ஏழு வருடம் முன்பு டிவியில் பொய்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்!

நியூ ஜெர்சிக்காரர். பாஸ்டன் கல்லூரியில் படித்துவிட்டு யேல் நாடகப் பள்ளியில் நடிப்பு பயின்றவர். 'மீட் த பேரன்ட்ஸ்' படத்தில் மாப்பிள்ளை டாக்டராக வருவார். 'குட் நைட், அண்ட் குட் லக்', 'சிரியானா' என்று நல்ல படங்களிலும் இருக்கிறார். எங்கேயோ பார்த்த முகம் என்போமே, அந்த ரகம். பெரிய வேஷம் கிடைக்காத நடிகர்கள்தான் டைரக்‌ஷன் பக்கம் ஒதுங்குவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இவர் விஷயத்தில் எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்று காட்சிக்கு மட்டும் வருகிற நடிகர், அந்த மூன்றுக்குள் ஒரு முழு மனிதனைக் கொண்டுவந்தாக வேண்டும். அந்தக் கஷ்டம் தெரிந்தவர் எழுதினால்தான் ஓரத்தில் நிற்பவனுக்கும் உயிர் வருகிறது.

2003இல் வந்த முதல் படம் 'தி ஸ்டேஷன் ஏஜென்ட்'டைப் பாருங்கள். கதாநாயகன், உயரம் மிகக் குறைந்த பீட்டர் டிங்க்லேஜ், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வருவதற்கு எட்டு வருடம் முன்பு. கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்று சொத்தாகக் கிடைக்கிறது, அங்கே போய்த் தனியாக இருக்கலாம் என்று பார்க்கிறான். விடுகிறார்களா? வாசலில் காபி வண்டி போட்டிருக்கும் ஜோ ஓயாமல் பேசுகிறான். ஒலிவியா ஒரே நாளில் இரண்டு முறை காரை ஓட்டிவந்து அவன் மேல் ஏற்றப் பார்க்கிறாள். அப்புறம் மூன்று பேரும் தண்டவாளம் ஓரமாக நடக்கிறார்கள். படம் அவ்வளவுதான். அவன் உருவத்தைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்லி ஒரு காட்சிகூட நம்மை நச்சரிப்பதில்லை.

அடுத்தது 'தி விசிட்டர்'. பல வருடம் அப்பா வேஷமும் அதிகாரி வேஷமும் போட்டுக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஜென்கின்ஸை நடுவில் உட்கார வைத்தார், அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 'வின் வின்' படத்தில் பால் ஜியாமாட்டி. இதற்கிடையில் பிக்ஸாரின் 'அப்' கதையில் பங்கு. அமெரிக்க பேஸ்பாலில் பந்தெறியப் போன இந்திய இளைஞர்களின் கதையான 'மில்லியன் டாலர் ஆர்ம்' இவர் திரைக்கதைதான். நம்மில் பலருக்கு அது ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த படமாக மட்டுமே ஞாபகம் இருக்கும்.

சறுக்காமலும் இல்லை. ஆடம் சாண்ட்லரை வைத்து எடுத்த 'தி காப்ளர்' மோசமான படம், சப்பைக்கட்டு கட்டமாட்டேன். 2021இல் வந்த 'ஸ்டில்வாட்டர்' விஷயத்தில் எனக்கு வருத்தமே உண்டு. இத்தாலியில் கொலை வழக்கில் சிக்கிப் பிறகு விடுதலையான அமாண்டா நாக்ஸின் வாழ்க்கையைத் தழுவிக்கொண்டு, கதையை மட்டும் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தார். தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நாக்ஸ் வெளிப்படையாகவே எழுதினார். அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன்.

வருத்தத்துக்குக் காரணம், 'ஸ்பாட்லைட்'டில் இதே மனிதர் காட்டிய கவனம். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த காட்சி எது என்று கேட்டால், நிருபர்கள் மறைமாவட்டத்தின் வருடாந்தரப் பெயர்ப் புத்தகங்களை விரித்துவைத்து, ஸ்கேலை வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே போவதுதான். எந்தப் பாதிரியாருக்கு 'மருத்துவ விடுப்பு' என்று போட்டிருக்கிறது, எந்த வருடம், எந்த ஊர். புகாரில் சிக்கியவர்களை ஒதுக்கி வைக்கச் சபை சொன்ன சாக்கு அது. கைவசம் இருந்தது 13 பெயர். தேடி முடிக்கும்போது 87. ஒரு ஸ்கேலைக் காட்டி வயிற்றைக் கலக்க முடியும் என்று அதற்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2016இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும், மெக்கார்த்திக்கும் ஜோஷ் சிங்கருக்கும் திரைக்கதைக்கான ஆஸ்கரும் கிடைத்தன. அந்த இரண்டோடு சரி. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் எழுதும்போதே நடந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய வக்கீல் ஒருவர், 20 பாதிரியார்கள் பற்றி 1993லேயே பாஸ்டன் குளோபுக்குத் தகவல் கொடுத்தேன் என்று இவர்களிடம் சொல்கிறார். பழைய இதழ்களில் தேடினால் செய்தி இருக்கிறது, உள்பக்கத்தில், சின்னதாக. அப்போது நகரச் செய்திகளுக்கு ஆசிரியர் யார்? வால்டர் ராபின்சன். பின்னாளில் அந்தப் பத்திரிகையின் புலனாய்வுக் குழுவான ஸ்பாட்லைட்டுக்கே தலைவராக இருந்து இந்த விவகாரத்தை வெளியே கொண்டுவந்த அதே ராபின்சன்.

அவரிடமே போய்க் கேட்டார்கள். தனக்கு அது நினைவில் இல்லை, ஆனால் தன் பொறுப்பில்தான் நடந்தது என்று ஒப்புக்கொண்டார். படத்திலும் அதை மறைக்கவில்லை. செய்தி அச்சுக்குப் போகும் நேரத்தில், எல்லோர் முன்னாலும், அது நான்தான் என்று சத்தம் போடாமல் சொல்வார் ராபின்சனாக நடித்த மைக்கேல் கீட்டன். சென்ற வாரம் அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தபோது எனக்கு டெம்பிள்டனின் சிவந்த முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.